உள்ளது உள்ளபடி

பெரியப்பா தன் காரை விற்கப் போகிறார், விளம்பரத்தை நான் எழுதித் தர வேண்டும் என்று ஜூன் மாதத்தில் மிச்சிகனிலிருந்து தகவல் வந்தது. வங்கிக் குமாஸ்தாவிடம் கேட்கக்கூடிய காரியம் இல்லை இது. நான் பி.ஏ. ஆங்கிலம் படித்ததும், நூறு பிரதிகூட விற்காத பத்திரிகைகளில் விமர்சனம் எழுதுவதும் அதுவரை எங்கள் குடும்பத்தில் யாருக்கும் உபயோகப்பட்டதில்லை. ஏன் நான் என்று போனில் கேட்டேன். "நீதான் எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்கிறவனாச்சே. அதான் உங்கிட்ட கேக்கறேன்" என்றார். என் விமர்சனத் தொழிலைப் பற்றிக் குடும்பத்தில் சொல்லப்பட்ட முதல் அபிப்பிராயம் அதுதான். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கார் 1969-ஆம் வருஷத்து பிளிமத் ரோட் ரன்னர். அமெரிக்காவில் மஸில் கார் என்று சொல்லும் ஜாதி. மத்திம அளவு உடம்பில் மிதமிஞ்சிய பெரிய இன்ஜினைப் பொருத்துகிற எளிய அசட்டுத்தனம்தான் அது. 1964-இல் பாண்டியாக் கம்பெனி ஜி.டி.ஓ. என்ற பெயரில் தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். மத்திமக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இன்ஜின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸுக்குள் ஒரு விதி இருந்தது. ஜான் டிலோரியனும் அவரோடு இருந்தவர்களும் 389 கன அங்குல இன்ஜினைத் தனி மாடலாக அறிவிக்காமல், வாங்குகிறவன் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற உபரிச் சாமான்களின் பட்டியலில் போட்டு விதியைத் தாண்டினார்கள். எந்த ஆபீஸிலும் சுற்றறிக்கைகளை இப்படித்தான் தாண்டுகிறார்கள்.

பிளிமத் 1968-இல் செய்தது வேறு தினுசு. அலங்காரம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, டாக்சிக்குப் போடுகிற மாதிரி சீட்டும் ரப்பர் விரிப்பும் போட்டு, 383 கன அங்குல இன்ஜினை வைத்து, 3,000 டாலருக்குள் விற்றார்கள். கையில் காசில்லாத இளைஞன் வேகமாகப் போவதற்கான வண்டி. பெயருக்காகவும் படத்துக்காகவும் வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்தார்கள். கார்ட்டூனில் வரும் அந்தப் பறவை போலவே கத்துகிற ஹாரன் ஒன்றையும் பொருத்தினார்கள். 1969 வண்டியில் அந்த ஹாரனுக்கு ஊதா நிறம் அடித்து, ரோட் ரன்னரின் குரல் என்று சீட்டும் ஒட்டியிருக்கும். குதிரைத்திறன் 335 என்று போட்டார்கள். அந்தக் காலத்தில் ஏர் கிளீனர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் எதுவும் இல்லாமல் இன்ஜினைத் தனியாக மேடையில் நிறுத்தி அளந்த எண் அது. 1972-இலிருந்து இவற்றையெல்லாம் மாட்டிவிட்டு அளக்க ஆரம்பித்ததும் எல்லாக் கம்பெனிக் குதிரைகளும் ஒரே வருஷத்தில் இளைத்துப்போயின. நம் புத்தகங்களின் பின்னட்டைகளில் இன்னும் பழைய முறையில்தான் அளக்கிறார்கள்.

பெரியப்பா 1971-இல் மேற்படிப்புக்காக அங்கே போனார். 1965-இல் குடியேற்றச் சட்டத்தை மாற்றியதால் திறந்த கதவு வழியே போன இன்ஜினியர்களில் ஒருவர். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. இன்ஷூரன்ஸ்காரர்கள் ஏற்கனவே இந்த வண்டிகளுக்குத் தாறுமாறாகப் பிரீமியம் ஏற்றியிருந்தார்கள். 1974 வசந்தத்தில், கூட வேலை பார்த்த ஒருவர் இதைத் தலையைச் சுற்றி எறிகிற விலைக்குக் கொடுத்தார். பெரியப்பா வேகத்துக்காக வாங்கவில்லை. நம்மூரில் கியர் வண்டி ஓட்டிப் பழகியவர், இது நாலு கியர் வண்டி, மலிவு, அவ்வளவுதான். பத்துப் பனிக்காலங்கள் தினமும் அதில்தான் ஆபீஸ் போய் வந்தார். மிச்சிகனில் பனி உருகுவதற்காக ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்பு காரை எப்படித் தின்றது என்பதுதான் நான் எழுத வேண்டியிருந்த விளம்பரத்தில் பாதி. அப்புறம் வேறு கார் வந்தது. இது கராஜுக்குள் போயிற்று. கோடையில் இரண்டு மூன்று தடவை வெளியே வரும். இப்போது பெரியப்பாவுக்கு 76 வயது. கிளட்சை மிதிக்க இடது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. வீட்டை விற்று அண்ணன் வீட்டுக்குப் போகிறார். அங்கே கராஜில் இடமில்லை.

அண்ணன் ஒரு யோசனை சொன்னான். அப்படியே விற்றால் பழைய இரும்பு விலைதான் வரும், ஒரு வருஷம் பொறுத்து முழுக்கப் பிரித்துப் புதுப்பித்து விற்கலாம் என்றான். செலவுக்குக் கணக்கும் போட்டு வைத்திருந்தான். அந்தக் கணக்கின் கடைசி வரியில் ஒரு லாபம் இருந்தது. வங்கிக்கு வரும் திட்ட அறிக்கைகளின் கடைசி வரியிலும் எப்போதும் ஒரு லாபம் இருக்கும். இந்த வண்டிகளைப் புதுப்பிக்க ஆகும் செலவு, புதுப்பித்த வண்டியின் விலையையே தாண்டிப் போவது அங்கே சர்வசாதாரணம். பெரியப்பா அந்தக் கணக்குக்கே போகவில்லை. புல்லிட் காரைச் சொன்னார்.

அந்தக் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1968-இல் பீட்டர் யேட்ஸ் எடுத்த 'புல்லிட்' படத்தில் ஸான் ஃபிரான்ஸிஸ்கோ மேடுகளில் ஸ்டீவ் மக்வீன் ஓட்டிய கரும்பச்சை மஸ்டாங், 1974-இல் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு வந்துசேர்ந்தது. வீட்டம்மா அதில் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய் வந்தார். 1977-இல் மக்வீனே திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று கடிதம் எழுதினார். கொடுக்கவில்லை. 1980-இல் கிளட்ச் போனதும் கார் நின்றது. 2018-இல் டெட்ராய்ட் கண்காட்சியில் உலகத்துக்குக் காட்டினார்கள். 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவின் கிஸ்ஸிமீ ஊர் ஏலத்தில் 34 லட்சம் டாலருக்குப் போயிற்று. கமிஷன் சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம். பெயின்ட் அடிக்கவில்லை. ஒடுக்கு எடுக்கவில்லை. படப்பிடிப்பில் போட்ட ஓட்டைகள்கூட அப்படியே இருந்தன.

பெரியப்பாவின் உதாரணம் செல்லாது. மக்வீன் உட்கார்ந்த சீட்டுக்குக் கொடுத்த விலை அது. புத்தரின் பல்லை யாரும் வெள்ளையடிக்க மாட்டார்கள். பெரியப்பா உட்கார்ந்த சீட்டுக்கு அந்தப் பெருமை கிடையாது. ஆனால் அவருடைய முடிவு சரியானது. உதாரணம் செல்லாதபோதும் முடிவு சரியாக இருக்கலாம் என்பதை ஒத்துக்கொள்ள நம் சூழலில் ஆளில்லை. அதனால் அண்ணனிடம் நான் வேறு காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

புதுப்பித்தல் என்றால் என்ன செய்கிறார்கள்? உடம்பை இன்ஜினிலிருந்து பிரித்து, மணலோ வேறு தூளோ பீய்ச்சி, பெயின்ட் மொத்தத்தையும் உரித்து வெறும் தகரமாக்குகிறார்கள். துருப்பிடித்த பாகத்தை வெட்டிப் புதுத் தகரம் ஒட்டுகிறார்கள். பழைய அச்சுப்படியே புதிதாகச் செய்த தகரங்கள், ரப்பர், சீட்டுத் துணி, ஒட்டுச் சீட்டுகள் எல்லாம் கடையில் கிடைக்கின்றன. எந்தக் கார் எந்தெந்தச் சாமான்களோடு செய்யப்பட்டது என்று தொழிற்சாலையில் பொறித்து மட்கார்டின் உட்புறம் திருகி வைத்த சின்னத் தகடு இருக்கிறதே, அதைக்கூடப் புதிதாக அடித்துத் தருகிறார்கள். கடைசியில் பளபளவென்று வந்து நிற்பது, 1969-இல் லிஞ்ச் ரோடு தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த காரைவிட நன்றாக இருக்கும். சிக்கலே அதில்தான். அந்தத் தொழிற்சாலையில் கதவு இடைவெளிகள் ஒன்றுபோல் இருந்ததில்லை. பெயின்ட் அங்கங்கே வழிந்திருக்கும், படக்கூடாத இடத்தில் தூவியிருக்கும். இப்போது கிடைப்பது ஒரு நாளும் இருந்திராத ஒரு கார்.

பிரான்ஸில் வியோலே-லெ-டுக் இதை ஒரு கொள்கையாகவே சொன்னவர். கட்டடத்தைப் புதுப்பிப்பது என்றால் அது எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு முழுமைக்கு அதைக் கொண்டுபோவது என்று கூச்சமில்லாமல் எழுதினார். ரஸ்கின் 1849-லேயே, கட்டடத்துக்குச் செய்யக்கூடிய மிக மோசமான அழிவு புதுப்பித்தல்தான் என்று சொல்லிவிட்டிருந்தார். அவரைப் பின்பற்றி வில்லியம் மாரிஸ் 1877-இல் சங்கமே ஆரம்பித்தார். கல்லூரியில் ரஸ்கினைப் பரீட்சைக்காகப் படித்தேன். ஒரு பிளிமத்தின் மட்கார்டுக்காகத் திரும்ப எடுப்பேன் என்று நினைத்ததில்லை. நமக்கு ரஸ்கின்கூடத் தேவையில்லை. ஜீர்ணோத்தாரணம் என்று சொல்லி இதே மணல் பீய்ச்சும் எந்திரத்தைக் கோயில் சுவர்களில் பிடித்தார்கள். கருமையோடு கல்வெட்டின் எழுத்தும் போயிற்று. இன்னொரு பக்கம் உ.வே. சாமிநாதையர் இருக்கிறார். 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஏட்டில் செல்லரித்த இடங்களைத் தன் சொற்களால் அவர் அடைக்கவில்லை. புள்ளி வைத்தார். 267-ஆம் பாட்டும் 268-ஆம் பாட்டும் நமக்கு இல்லை. ஆனால் எண்கள் இருக்கின்றன. அவர் அளவுக்குப் புலமை உள்ளவர் இரண்டு பாட்டு எழுதிச் சேர்த்திருந்தால் யார் கண்டுபிடித்திருப்பார்கள்?

அண்ணனுக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. "நீ கவிதை பேசற, நான் துரு பேசறேன்" என்றான். நானும் துருவைத்தான் பேசினேன். ஆனாலும் கார் பெரியப்பாவுடையது. உள்ளபடியே விற்பது என்று தீர்ந்தது.

இனி விளம்பரம். பெரியப்பா வாட்ஸ்அப்பில் 140 படங்கள் அனுப்பினார். இங்கே இரவு ஒன்பது மணி, அங்கே காலை பதினொன்றரை. பதினைந்து நாள், நான் கேட்பேன், அவர் டார்ச் லைட்டோடு குனிந்து பார்த்துச் சொல்வார். குனிய முடியாத இடங்களில் போனை நீட்டிப் படம் எடுப்பார். முதலில் எண்கள். கண்ணாடிக்குப் பின்னால் டேஷ்போர்டு ஓரத்தில் உள்ள சேஸிஸ் நம்பர் ஆர்எம்23ஹெச்9ஏ என்று தொடங்குகிறது. 23 என்றால் இரண்டு கதவு ஹார்ட்டாப், ஹெச் என்றால் 383 இன்ஜின், 9 வருஷம், ஏ என்றால் டெட்ராய்ட் லிஞ்ச் ரோடு. அந்தத் தொழிற்சாலையை 1981-இல் மூடிவிட்டார்கள். பிளிமத் என்ற பெயரே 2001-இல் முடிந்துவிட்டது. இன்ஜின் பிளாக்கில் பொறித்த எண் சேஸிஸ் நம்பரோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஒரு நாள் ஆயிற்று, அவ்வளவு எண்ணெய்ப் பிசுக்கு. ஒத்துப்போயிற்று. பின் சீட்டின் ஸ்பிரிங்குகளுக்கு நடுவே மடித்துச் செருகிய ஒரு காகிதம் இருந்தது. எந்த வண்டிக்கு எதை மாட்டுவது என்று தொழிலாளிக்குச் சொல்கிற காகிதம். வேலை முடிந்ததும் அங்கேயே செருகிவிடுவார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் அதன்மேல் ஆட்கள் உட்கார்ந்து போயிருக்கிறார்கள். எலி ஒரு மூலையைத் தின்றிருந்தது. அதையும் எழுதினேன்.

எங்கள் கிளைக்கு வரும் நகை மதிப்பீட்டாளரைப் பல வருஷங்களாகப் பார்க்கிறேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் தன் அம்மாவின் சங்கிலியை வைத்துவிட்டு நிற்பாள். இவர் உரைகல்லில் தேய்ப்பார், அமிலம் ஒரு துளி வைப்பார், கல்லுக்குக் கழிப்பார், உள்ளே அடைத்த அரக்குக்குக் கழிப்பார். மொத்த எடை, நிகர எடை என்று இரண்டு எண்கள் எழுதித் தருவார். ஒரு நகையை அவர் புகழ்ந்தோ இகழ்ந்தோ நான் கேட்டதில்லை. அவர் எழுதிய எண்ணை நம்பி நாங்கள் பணம் கொடுக்கிறோம். தமிழில் புத்தக மதிப்புரை எழுதுகிறவர்களில் அந்த நாணயம் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ண வேண்டாம், ஒரு கையே அதிகம். நம் மதிப்புரைகள் எல்லாம் பழைய வண்டி விற்கிற புரோக்கரின் பாஷை. நல்ல கண்டிஷன், சிங்கிள் ஓனர், டாக்டர் வைத்திருந்த வண்டி. டாக்டர் வைத்திருந்தால் வண்டிக்கு என்ன ஆகிறது என்று யாரும் கேட்டதில்லை. எழுத்தாளர் நல்ல மனிதர் என்று தொடங்கும் மதிப்புரைகளும் இந்த வகைதான்.

ஆகவே நான் 'நல்ல' என்ற சொல்லே வராமல் எழுதினேன். பின் சக்கரங்களுக்கு மேலே இரண்டு பக்கமும் துரு, இடது பக்கம் விரல் நுழையும் ஓட்டை. டிக்கி தரையில் ஓட்டை. டிரைவர் சீட்டின் தையல் ஒரு சாண் பிரிந்திருக்கிறது. இடது முன் மட்கார்டு 1979-இல் ஒரு தடவை பெயின்ட் அடிக்கப்பட்டது, நிறம் ஒரு மாற்றுக் குறைவு, மற்ற இடமெல்லாம் தொழிற்சாலைப் பெயின்ட். மைல்கணக்கு மீட்டரில் 14,207 என்று காட்டுகிறது. அதில் ஐந்து இலக்கம்தான் உண்டு, ஒரு சுற்று முடிந்து மறுசுற்று ஓடுகிறது, ஆகவே 1,14,207. கடைசி வாக்கியத்தை அண்ணன் எடுத்துவிடச் சொன்னான். பொய் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தால் போதும் என்றான். இந்தச் சும்மா இருத்தல்தான் இலக்கிய உலகின் பிரதானமான பொய். வாக்கியம் இருக்கட்டும் என்றார் பெரியப்பா. ஹாரன் வேலை செய்கிறது என்றும் ஒரு வரி எழுதினேன். போனிலேயே அடித்துக் காட்டினார். பெரியம்மா இருந்தவரை அந்த ஹாரனை அடிக்க விட மாட்டாள், கோமாளி வண்டி என்று தெருவில் சிரிப்பார்கள் என்பாள்.

பெரியம்மா 2019-இல் போய்விட்டாள். 112-ஆவது படம் டேஷ்போர்டின் வலது பக்கத்துப் பெட்டி மூடி. நடுவில் ஒரு சிவந்த கறை. என்னவென்று கேட்டேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கராஜுக்குப் போய் அங்கே சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறாள். ஸ்டியரிங்கில் வைத்தால் பெரியப்பா கையில் ஒட்டும் என்று அந்த இடம். வண்டி கிளம்பாத வருஷங்களிலும் வைத்திருக்கிறாள். முப்பத்தைந்து நாற்பது தடவை ஒரே இடத்தில் வைத்தால் நிறம் இறங்காமல் என்ன செய்யும்?

இதை எப்படி எழுதுவது என்பதுதான் அந்தப் பதினைந்து நாளில் எனக்கு உண்மையில் கஷ்டமாக இருந்த ஒரே விஷயம். சமயச் சடங்கின் அடையாளம் என்று போட்டால் அது நம் கலாசாரத்துக்கு விளம்பரமாகிவிடும். மறைந்த மனைவி வைத்த பொட்டு என்று போட்டால் அது பிச்சை, அதைக் காட்டி நூறு டாலர் கூடக் கேட்கிற மாதிரி. எழுதாமல் விட்டால் அண்ணன் சொன்ன சும்மா இருத்தல். கால் டாலர் நாணயத்தின் அகலத்தில் சிவப்புக் கறை, காரணம் குங்குமம் என்று எழுதிப் படித்துக் காட்டினேன். மூன்று பேரும் லைனில் இருந்தோம். "துடைச்சா போயிடும்னு சேர்த்துக்கோ" என்றான் அண்ணன்.

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போகுமா போகாதான்னு நமக்கெப்படித் தெரியும்? யாரும் துடைச்சதே இல்லையே" என்றார்.

துடைத்துப் பார்க்கப்படவில்லை என்று சேர்த்தேன். அந்த விளம்பரத்தில் மிகச் சரியான வாக்கியம் அதுதான். என்னுடையது அல்ல.

நாற்பது பேர்போலக் கேட்டார்கள். பாதிப் பேர் விளம்பரத்தைப் படிக்காமல் விலையைக் குறைக்கச் சொன்னவர்கள். ஒருவர் இன்ஜின் மட்டும் வேண்டும் என்றார். ஆகஸ்டில் ஓஹியோவிலிருந்து ஒருவர் டிரெய்லரோடு வந்தார். லேத் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், அறுபதைத் தாண்டியவர். என் விளம்பரத்தை அச்செடுத்து அட்டையில் செருகி வைத்திருந்தாராம். ஒரு சின்னக் காந்தம், டார்ச், முதுகுக்குக் கீழே விரித்துக்கொள்ள ஒரு பாய். காந்தத்தை உடம்பு முழுக்க ஒட்டிப் பார்த்தார். பட்டி அடைத்த இடத்தில் காந்தம் பிடிக்காது. வண்டிக்கு அடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தார். பட்டியலில் ஒவ்வொரு வரியாகப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் போட்டார்.

பட்டியலில் இல்லாத இரண்டு விஷயங்கள் அகப்பட்டன. பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கில் ஒரு தகட்டில் கீறல். பாட்டரித் தட்டுக்கு அடியில் உள்ளங்கை அளவு ஒட்டு, 1974-க்கு முன்னால் யாரோ வெல்டிங் வைத்தது. இரண்டும் பெரியப்பாவுக்கே தெரியாதவை. அந்த இரண்டுக்கும் சேர்த்து 900 டாலர் குறைத்தார். பட்டியலில் இருந்த முப்பத்துச்சொச்சம் குறைகளுக்கு ஒரு டாலர்கூடக் குறைக்கவில்லை. அவையெல்லாம் தெரிந்துதானே வந்தேன், தெரிந்ததற்கு எதற்குப் பேரம் என்றாராம். என் மதிப்புரைகளுக்கு இப்படி ஒரு வாசகர் தமிழில் கிடைத்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் எழுதியிருப்பேன். குங்குமத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. அந்த வரிக்கு எதிரேயும் ஒரு டிக்.

காசு கைமாறியதும், பட்டியலின் கீழே பெரியப்பாவைக் கையெழுத்துப் போடச் சொல்லி, எலி தின்ற காகிதத்தோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டார். கார் எங்கே போனாலும் இதுவும் கூடப் போக வேண்டும், இனி நான் விற்றாலும் இதைக் கொடுத்துத்தான் விற்பேன் என்று சொல்லியிருக்கிறார். எழுதியவன் பெயர் அதில் கிடையாது. டிரெய்லரில் ஏற்றிச் சங்கிலி போட்டுக் கட்டிய பிறகு, கீழே நின்றபடியே ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹாரனை ஒரு தடவை அடித்துப் பார்த்தார் என்று அண்ணன் சொன்னான். அந்த ஒரு வரிக்குத்தான் அதுவரை டிக் போடாமல் வைத்திருந்தாராம்.